வரி கட்டுபவரும் சுமை தாங்குபவரும்

(பெங்களூரில் தமிழ் பேசும் கட்சித் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2026 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி, உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளின் சரக்குகள் மீதும் ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் விதித்த இறக்குமதி வரிகள் சட்டப்படி செல்லாது என்பதே அந்தத் தீர்ப்பு. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூன்று நீதிபதிகள் மறுபக்கமும் நின்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

வாஷிங்டனில் வழங்கப்பட்ட இந்தத் தீர்ப்பு பொம்மனஹள்ளியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் தொழிலாளிக்கும், பீன்யாவின் சிறு பட்டறையில் கடைசல் எந்திரம் இயக்கும் தொழிலாளிக்கும், ராய்ச்சூரின் பருத்தி விவசாயிக்கும் தொடர்புடையதா? நிச்சயமாகத் தொடர்புடையது. ஆனால் முதலாளித்துவ ஊடகங்கள் சொல்லும் விதத்தில் அல்ல. “நீதிமன்றம் டிரம்பைத் தடுத்துவிட்டது, இனி எல்லாம் சீராகும்” என்பது அவற்றின் கூற்று. தீர்ப்பு எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை, இதே கேள்வி இந்தியாவில் ஏன் எழுப்பப்படுவதில்லை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

மன்னரிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம்

மக்களின் பிரதிநிதிகள் ஒப்புக்கொள்ளாமல் வரி விதிக்கக் கூடாது என்ற கோட்பாட்டை எந்த ஆட்சியாளரும் தாமாக வழங்கிவிடவில்லை. இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னர் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே “கப்பல் பணம்” என்ற வரியை வசூலித்தார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதே அவர் சொன்ன காரணம். அந்த மோதல் உள்நாட்டுப் போராக வெடித்து, 1649இல் மன்னரின் தலை உருண்டதில் முடிந்தது. நாடாளுமன்ற ஒப்புதலின்றி மன்னர் பணம் வசூலிப்பது சட்டவிரோதம் என 1689இன் உரிமைச் சாசனம் அறிவித்தது. வளர்ந்து வந்த முதலாளி வர்க்கம் மன்னராட்சியிடமிருந்து பறித்துக்கொண்ட அதிகாரம் இது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரிலும் இதே முழக்கம் ஒலித்தது. எனவேதான் அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது பிரிவு, வரிகளையும் சுங்கத் தீர்வைகளையும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்திடம் வைத்தது, ஜனாதிபதியிடம் வைக்கவில்லை.

பிரதிநிதித்துவம் இல்லாத வரி என்றால் என்னவென்று இந்திய மக்களும் அனுபவித்து அறிந்தவர்கள்தாம். லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நிர்ப்பந்தத்தால் 1896இல் பிரிட்டிஷ் அரசு இந்திய ஆலைத் துணி மீது 3.5 சதவீத உற்பத்தி வரியை விதித்தது. மான்செஸ்டர் துணி இந்தியச் சந்தையில் சலுகையுடன் புக வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1925 இறுதியில் கைவிடப்படும் வரை அந்த வரி தேசிய இயக்கத்தின் கோபத்துக்கு இலக்காக இருந்தது. சுங்கக் கொள்கையை யார் தீர்மானிப்பது என்பது இறையாண்மையின் கேள்வி என்பதை அன்றைய தலைமுறை புரிந்துவைத்திருந்தது.

காங்கிரஸ் தானே தாரை வார்த்த அதிகாரம்

அப்படியென்றால் அமெரிக்க ஜனாதிபதியின் கைக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது? 1930இல் ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் மூலம் காங்கிரஸ் நூற்றுக்கணக்கான பொருட்களின் வரியை உயர்த்தியது. பெருமந்தத்தின் நடுவே உலக வர்த்தகம் மேலும் சுருங்கியது. 1934இல் பிற நாடுகளுடன் பேசி வரியைக் குறைக்கும் அதிகாரத்தை காங்கிரஸ் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அளித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், உலகச் சந்தையைத் திறக்க விரும்பிய அமெரிக்கப் பெருமூலதனத்துக்கு இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

பின்னர் வந்த சட்டங்கள் வரியை உயர்த்தும் அதிகாரத்தையும் நிபந்தனைகளுடன் வழங்கின. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232ஆவது பிரிவின்படி, வணிகத் துறை விசாரணை நடத்தி, ஒரு பொருளின் இறக்குமதி தேசப் பாதுகாப்புக்கு ஊறு செய்கிறது எனக் கண்டறிய வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301ஆவது பிரிவின்படி, ஒரு நாட்டின் வர்த்தக நடைமுறை குறித்து விசாரணை நடத்த வேண்டும். அதே சட்டத்தின் 122ஆவது பிரிவு, கடுமையான அயல்நாட்டுச் செலுத்துநிலைப் பற்றாக்குறைக் காலத்தில் 15 சதவீதம் வரை, 150 நாட்களுக்கு மட்டும் வரி விதிக்க இடமளிக்கிறது. அதற்கு மேல் நீட்டிக்கக் காங்கிரசின் ஒப்புதல் தேவை.

இந்த 122ஆவது பிரிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971 ஆகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்த அதே அறிவிப்பில், இறக்குமதிகள் மீது 10 சதவீதக் கூடுதல் வரியையும் விதித்தார். போர்க்காலச் சட்டம் ஒன்றைக் காட்டி அரசு அதை நியாயப்படுத்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. இனி இத்தகைய நிலைக்கு அளவும் காலமும் வகுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1974இல் 15 சதவீதம், 150 நாள் என்ற வரம்புகள் எழுதப்பட்டன.

டிரம்ப் இந்த வரம்புகள் அனைத்தையும் சுற்றிச் செல்ல விரும்பினார். எனவே 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். அச்சட்டம் முதன்முதலில் 1979இல் ஈரானுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. அதன் பிறகு பல நாடுகள் மீது பொருளாதாரத் தடை விதிக்கும் ஆயுதமாக விளங்கி வந்தது. ஆனால் 2025 வரை எந்த ஜனாதிபதியும் அதைக் கொண்டு இறக்குமதி வரி விதித்ததில்லை.

வழக்கும் தீர்ப்பும்

2025 பிப்ரவரியில் போதைப் பொருள் கடத்தலைக் காரணம் காட்டி கனடா, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகள் மீது வரி அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 2 அன்று வர்த்தகப் பற்றாக்குறையே தேசிய அவசரநிலை எனப் பிரகடனப்படுத்தி, உலக நாடுகள் அனைத்துக்கும் குறைந்தபட்சம் 10 சதவீதம், பலவற்றுக்கு அதனினும் அதிகம் என வரி அறிவிக்கப்பட்டது. இந்தியா மீது ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம். பிரேசிலில் முன்னாள் ஜனாதிபதி போல்சனாரோ மீது நடந்த வழக்கு விசாரணைகூட அந்நாட்டின் மீது 40 சதவீதக் கூடுதல் வரிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. வர்த்தகக் கொள்கையின் எல்லையைத் தாண்டி, ஏகாதிபத்திய மிரட்டலின் கருவியாக வரி மாறியது.

நியூயார்க்கில் மது இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், இல்லினாய் மாநிலத்தில் கல்விப் பொம்மைகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம், 12 மாநிலங்கள் என இவர்கள்தாம் வழக்குத் தொடுத்தவர்கள். மே 28 அன்று சர்வதேச வர்த்தக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29 அன்று ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வரிகள் செல்லாது என்றன. நவம்பர் 5 அன்று உச்சநீதிமன்றம் வாதங்களைக் கேட்டது.

வாதத்தின் மையம் எளிமையானது. அவசரநிலையில் இறக்குமதியை “ஒழுங்குபடுத்த” ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்கிறது சட்டம். “வரி”, “தீர்வை” என்ற சொற்கள் அதில் இல்லை. ஒழுங்குபடுத்துவது என்றாலே வரி விதிப்பதும் அடங்கும் என்றது அரசு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரி விதிப்பது தனித்த அதிகாரம். அதைக் காங்கிரஸ் வழங்க விரும்பினால் வெளிப்படையாகவே வழங்கும் என்று கூறிவிட்டது. டிரம்ப்பே நியமித்த கோர்சச், பேரெட் ஆகிய இரு நீதிபதிகளும் பெரும்பான்மையின் பக்கம் நின்றனர்.

தீர்ப்பின் எல்லை

இந்தத் தீர்ப்பை வரவேற்பதில் தயக்கம் தேவையில்லை. தனிமனிதரின் விருப்பத்துக்கு ஏற்ப உலகின் மீது வரி விதிக்கும் போக்குக்கு அது ஒரு கடிவாளம். ஆனால் அதன் எல்லையையும் தெளிவாகக் காண வேண்டும்.

முதலாவதாக, தீர்ப்பு அடைத்தது ஒரு பாதையை மட்டுமே. தீர்ப்பு வந்த அதே நாளில் 122ஆவது பிரிவின் கீழ் உலக நாடுகள் மீது 10 சதவீத வரியை டிரம்ப் அறிவித்தார். 232ஆவது பிரிவின் கீழ் எஃகு, அலுமினியம் ஆகியவற்றின் மீது அப்போது இருந்த 50 சதவீத வரியையும், வாகன உதிரிப் பாகங்கள் மீதான வரியையும் இந்தத் தீர்ப்பு தொடவில்லை. பீன்யாவிலும் ஒசூரிலும் கோயம்புத்தூரிலும் உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இதில் நிவாரணம் இல்லை.

இரண்டாவதாக, நீதிமன்றத்தின் பெரும்பான்மை உழைக்கும் மக்களின் பக்கம் சாய்ந்துவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். பெரும் பொருளாதார விளைவுடைய முடிவுக்கு காங்கிரசின் தெளிவான அனுமதி வேண்டும் என்பது ராபர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் இவ்வழக்கில் எடுத்தாண்ட கோட்பாடு. 2023இல் லட்சக்கணக்கான மாணவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் பைடன் அரசின் திட்டத்தை ரத்து செய்யவும், 2022இல் மின் நிலையங்களின் கரியமில வாயு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் குறுக்கவும் பயன்பட்டது இதே கோட்பாடுதான்.

மூன்றாவது எல்லையே மிக முக்கியமானது. இறக்குமதி வரியைச் சுங்கத் துறையில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். எனவே வரி செல்லாது என்றால், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கே உண்டு. இந்த வரிகளின் வழியே வசூலான தொகை 10,000 கோடி டாலருக்கும் அதிகம். ஆனால் அந்தச் சுமையைத் தாங்கியவர் யார்? கடையில் கூடுதல் விலை கொடுத்த அமெரிக்கத் தொழிலாளி. விலையைக் குறைக்கும்படி நெருக்கப்பட்ட ஏற்றுமதியாளரால் கூடுதல் நேர வேலையை இழந்த திருப்பூர்த் தொழிலாளி. வங்கதேசம், வியட்நாம் போன்ற 20 சதவீத வரி நாடுகளுக்கு ஆர்டர்கள் நகர்ந்தபோது வேலை பறிபோன பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளி. இவர்களில் எவருக்கும் திரும்பப் பெறும் உரிமை கிடையாது. சட்டத்தின் கண்ணுக்கு வரி கட்டுபவர் தெரிகிறார். சுமை தாங்குபவர் தெரிவதில்லை.

மிரட்டலுக்குப் பணிந்த உடன்பாடு

சட்டவிரோதம் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட அதே வரியைக் காட்டித்தான் இந்தியா மிரட்டப்பட்டது. பிப்ரவரி 2 அன்று, இந்தியாவுடன் உடன்பாடு எட்டப்பட்டது என்றும், வரி 18 சதவீதமாகக் குறைக்கப்படும் என்றும் டிரம்ப் தமது சமூக ஊடகப் பதிவில் அறிவித்தார். அந்த வாரத்திலேயே கூட்டறிக்கை வந்தது. அமெரிக்கத் தொழில்துறைப் பொருட்கள் அனைத்துக்கும், சோயா எண்ணெய், சிவப்புச் சோளம், பழங்கள், கொட்டை வகைகள், கால்நடைத் தீவனமாகும் தானியக் கழிவு உள்ளிட்ட விளைபொருட்களுக்கும் இந்தியா வரியை நீக்கும் அல்லது குறைக்கும் என்றும், ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி டாலருக்கு அமெரிக்கப் பொருட்களை வாங்க எண்ணியுள்ளது என்றும் அதில் கூறப்பட்டது.

நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உறுப்பினர்கள் செய்தியை வாஷிங்டனிலிருந்து அறிந்துகொண்டனர். உடன்பாட்டுக்கு அவர்களின் ஒப்புதல் கோரப்படவில்லை. மூன்றே வாரத்திற்குள், அந்த மிரட்டலுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சிறு பொம்மை நிறுவனம் எதிர்த்து நின்று வழக்காடிய இடத்தில், 140 கோடி மக்களின் அரசு பேரம் பேசிப் பணிந்தது.

இந்தியாவில் யார் கேட்பது?

சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 265ஆவது உறுப்பு. சுங்கவரி விதிக்கும் சட்டத்தை இயற்ற வேண்டியது நாடாளுமன்றம். ஆனால் நடைமுறையில் வரியின் கடிவாளம் ஒன்றிய நிதி அமைச்சகத்தின் அறிவிக்கைகளில் இருக்கிறது.

1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8ஏ பிரிவு, அவசர நிலைமையில் இறக்குமதி வரியை அறிவிக்கை மூலம் உயர்த்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதை நாடாளுமன்றத்தில் வைத்து, தீர்மானத்தின் மூலம் ஒப்புதல் பெற வேண்டும். புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் அனைத்துச் சரக்குகள் மீதும் இப்பிரிவின் கீழ் 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. அறிவிக்கை மின்னணு அரசிதழில் வெளியான நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அதற்கு முன்பே அன்றைய தினம் அட்டாரி எல்லையில் ஆவணம் தாக்கல் செய்த இறக்குமதியாளர்களிடமும் சுங்கத் துறை 200 சதவீதம் கேட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அறிவிக்கை வெளியான நொடிக்கு முன்னால் நடந்த இறக்குமதிக்குப் புதிய வரி பொருந்தாது என 2020 செப்டம்பரில் ஜி.எஸ். சத்தா அரிசி ஆலை வழக்கில் தீர்ப்பு வந்தது. நிர்வாகத்துறையின் வரி அதிகாரத்துக்கு நீதிமன்றம் விநாடிக் கணக்கில் எல்லை வகுத்தது நல்லதே. ஆனால் அங்கும் நிவாரணம் பெற்றவர் வரி கட்ட வேண்டிய இறக்குமதியாளர். வர்த்தகம் நின்றதால் பிழைப்பை இழந்த அட்டாரிச் சுமைதூக்கும் தொழிலாளியின் பெயர் எந்த வழக்கிலும் இல்லை.

வரியை நீக்கும்போது இந்தக் கட்டுப்பாடும் கிடையாது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி, “பொதுநலன்” கருதி எந்தப் பொருளுக்கும் அறிவிக்கை மூலம் வரிவிலக்கு அளிக்கலாம். அறிவிக்கை அவையில் வைக்கப்படும். ஆனால் முன்கூட்டியே ஒப்புதல் பெறத் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 18 அன்று, நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் முடிய மூன்று நாட்கள் இருக்கையில், பருத்தி இறக்குமதி மீதான 11 சதவீத வரி செப்டம்பர் 30 வரை நீக்கப்பட்டது. பத்து நாட்களில், கூட்டத்தொடர் முடிந்த பின், அந்த விலக்கு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அக்டோபரில் தொடங்கும் புதிய பருத்தி வரத்தின் முக்கிய மாதங்கள் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டன. நடுத்தர இழைப் பருத்திக்கு அரசே அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். அந்த விலையும் கிடைக்காமல் போகும் ஆபத்தை ராய்ச்சூர், யாதகிரி, ஹாவேரி விவசாயிகளின் தலையில் அரசு ஏற்றியது. அமெரிக்க வரியால் நெருக்கடிக்குள்ளான ஜவுளித் தொழிலுக்கு உதவி என்று சொல்லப்பட்டது. அந்த உதவிக்கான விலையைப் பருத்தி விவசாயி கொடுத்தார். இந்தியாவுக்குப் பருத்தி விற்கும் நாடுகளில் ஒன்றான அமெரிக்காவுக்கும் சந்தை திறந்தது.

இந்த முடிவை எதிர்த்து விவசாயி எந்த நீதிமன்றத்துக்குச் செல்வார்? அவர் வரி கட்டுபவர் அல்லர். 265ஆவது உறுப்பு அநியாய வரியிலிருந்து காக்கிறது. அநியாய வரிவிலக்கிலிருந்து காப்பதில்லை. வரியை உயர்த்த நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று எழுதிய சட்டம், விவசாயியின் பாதுகாப்பு அரணை அகற்ற ஓர் அதிகாரியின் கையெழுத்தே போதும் என்கிறது. இது எழுத்துப் பிழையாக நேர்ந்ததன்று. வணிகரின் சொத்துரிமையைக் காக்கப் பிறந்த கோட்பாடு, உழைப்பவரின் வாழ்வுரிமையைத் தானாகக் காத்துவிடாது.

பெங்களூரு தந்த பாடம்

அறிவிக்கையால் ஆளும் அரசை எதிர்த்து நிற்க வழியே இல்லையா? இந்த நகரத்தின் வரலாறே பதில் சொல்கிறது. 2016 பிப்ரவரி 10 அன்று, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதுவும் நாடாளுமன்றத்தில் விவாதித்து எடுத்த முடிவன்று. பிள்ளையின் படிப்புக்கும், வீட்டில் நோய்க்கும், வேலையிழப்புக் காலத்துக்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு இருந்த ஒரே கையிருப்பு அந்தப் பணம். ஏப்ரல் 18 அன்று ஒசூர் சாலையில் பெண் தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வந்தனர். மறுநாள் பீன்யாவும் துமகூரு சாலையும் நிறைந்தன. காவல்துறை தடியடி நடத்தியது, கண்ணீர்ப் புகைக் குண்டு வீசியது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் ஆயிரக்கணக்கான பெண்கள் கலையவில்லை. ஏப்ரல் 19 அன்றே அந்த அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவில் பத்து மாதங்களுக்கும் மேலாக மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கி இறக்குமதியாளர்கள் பெற்றதை, பெங்களூரின் தொழிலாளப் பெண்கள் இரண்டே நாட்களில் பெற்றார்கள். நீதிமன்றத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. கிடைக்கும் ஒவ்வொரு சட்ட வாய்ப்பையும் பயன்படுத்தியே தீர வேண்டும். ஆனால் சட்டத்தின் கண்ணில் படாதவர்கள், திரண்டு நின்றால் மட்டுமே அரசின் கண்ணில் படுவார்கள்.

எனவே தோழர்களே, இந்தத் தீர்ப்பிலிருந்து ஆலைவாயில் கூட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. எந்த வர்த்தக உடன்பாடும் நாடாளுமன்றத்தில் விவாதித்து ஒப்புதல் பெற்ற பிறகே கையெழுத்தாக வேண்டும். சர்வதேச ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கும் அரசியலமைப்புத் திருத்தம் இடதுசாரிகளின் நெடுநாள் கோரிக்கை. விளைபொருட்களின் இறக்குமதி வரியைக் குறைக்கும் அறிவிக்கைக்கும், உயர்த்தும் அறிவிக்கைக்கு உள்ளதைப் போலவே, நாடாளுமன்றத் தீர்மானம் கட்டாயமாக்கப்பட வேண்டும். மாநில அரசுகளும் விவசாயிகள் அமைப்புகளும் கலந்தாலோசிக்கப்பட வேண்டும். மிரட்டலின் கீழ் அமெரிக்காவுக்கு ஒப்புக்கொண்ட சலுகைகள் கைவிடப்பட வேண்டும். வரி நெருக்கடியைக் காட்டி ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் ஒவ்வொரு சலுகையும், ஆட்குறைப்புச் செய்யமாட்டோம், ஊதியத்தை வெட்டமாட்டோம் என்ற நிபந்தனையோடு இணைக்கப்பட வேண்டும்.

வரி விதிக்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளுடையது என்ற கோட்பாட்டை முதலாளி வர்க்கம் மன்னர்களிடமிருந்து போராடிப் பெற்றது. அந்த அதிகாரம் யாருக்காகப் பயன்பட வேண்டும் என்ற கேள்வியை அது ஒருபோதும் எழுப்பாது. அதை எழுப்ப வேண்டியவர்கள் தையல் எந்திரத்தின் முன்னும், பருத்திக் காட்டிலும், பட்டறையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்வதே அடுத்த பணி.